இறங்காத சைக்கிளும் இறக்கிவிடப்பட்ட சைக்கிளும்: நெடும்பயண வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நீண்டதூர சைக்கிள் பயணத்தின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். 1884 ஏப்ரல் 22 அன்று தாமஸ் ஸ்டீவன்ஸ் என்கிற இளைஞர், முன்சக்கரம் மார்பு உயரம் நிற்கும் அந்தக் காலத்துச் சைக்கிள் ஒன்றில் சான் பிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்பினார். ஆகஸ்ட் 4இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஒரு கண்டத்தைச் சைக்கிளில் கடந்த முதல் மனிதர் ஆனார். தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது. வரலாறு என்றால் இவையெல்லாம் வேண்டும்தானே.

எனக்கு அந்த வசதி இல்லை. நான் சந்தவாசலில் தொடங்க வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூரிலிருந்து வேலூர் போகிற சாலையில், படவேட்டுக்கு வழி பிரிகிற ஊர். 1997 கோடையாக இருக்கலாம். எனக்கு ஏழு வயது. திடலின் நடுவே ஒரு கம்பம் நட்டு, நாலு ட்யூப்லைட் கட்டி, குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டுப் போட்டு, ஒருவர் சைக்கிள் ஓட்டினார். ஏழு நாள், ராப்பகல், இறங்காமல். சைக்கிளிலேயே பல் விளக்கினார், சைக்கிளிலேயே குளித்தார், சட்டை மாற்றினார், சோறு தின்றார். சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் ட்யூப்லைட்டை நெஞ்சில் உடைத்துக்கொள்வார். ராத்திரி ரெக்கார்டு டான்ஸ். சம்சாரமா தங்கச்சியா தெரியவில்லை, ஒரு பெண் துண்டை ஏந்திக்கொண்டு சுற்றி வருவார். அதில் விழுந்த சில்லறைதான் கூலி.

பையன்களுக்கு ஒரே வேலை, நடுராத்திரியில் அவர் இறங்குகிறாரா என்று பார்ப்பது. 'இன்னாடா, இறங்கினாரா?' என்று காலையில் ஊரே கேட்கும். 'இறங்கல' என்று சொல்வதில் எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடையைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகம், மணிக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏழு நாளில் 1000 கிலோமீட்டர். நேராகப் போயிருந்தால் ஏறக்குறைய பூனாவை எட்டியிருப்பார். வட்டமாகப் போனதால் சந்தவாசலிலேயே இருந்தார். நேராகப் போனவன் பயணி, வட்டமாகப் போனவன் வித்தைக்காரன். இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது, அதைக் கட்டிக் காப்பவர்கள் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

ஸ்டீவன்ஸ் பாஸ்டனோடு நிற்கவில்லை. கப்பலில் இங்கிலாந்து போய், ஐரோப்பா, துருக்கி, பாரசீகம் என்று மிதித்து வந்தார். ஆப்கானிஸ்தானத்தில் அவரைப் பிடித்து நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு கராச்சி வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் ட்ரங்க் சாலையில் ஓட்டினார். 1886 டிசம்பரில் யோகஹாமாவில் முடிந்தபோது ஏறக்குறைய 13,500 மைல். அவரிடம் மாற்றுத் துணி அதிகம் கிடையாது, ரிவால்வர் இருந்தது.

அவருடைய உடல்வலிமையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருக்குக் கீழே இருந்தது வெறும் சைக்கிள் மட்டுமில்லை. பட்டாளமும் தபாலும் போக ஏகாதிபத்தியம் செம்மைப்படுத்தி வைத்த சாலை இருந்தது. அவர் எழுதி அனுப்பியதை அச்சிட ஒரு பத்திரிகை இருந்தது. அந்தப் பத்திரிகைக்குப் பின்னால் அவர் ஓட்டிய சைக்கிளைத் தயாரித்த போப் என்கிற முதலாளி இருந்தார். பயணம், பயணக்கட்டுரை, விளம்பரம் மூன்றும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை. பத்து வருடம் கழித்து, 1894இல், மூன்று குழந்தைகளின் தாயான ஆனி கோப்சோவ்ஸ்கி பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியபோது ஒரு தண்ணீர்க் கம்பெனி 100 டாலர் கொடுத்துத் தன் பெயரையே அவருக்குச் சூட்டியது; உலகம் அவரை ஆனி லண்டன்டெரி என்றே அறியும். பெண் சைக்கிள் ஏறியது விடுதலைதான், ஆனால் சொந்தப் பெயரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஏற வேண்டியிருந்தது.

1890களின் கடைசியில் ஃபேனி வர்க்மன், வில்லியம் வர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி இந்தியா முழுக்கச் சைக்கிளில் சுற்றினார்கள். 1904இல் வந்த அவர்களது நூலின் நீண்ட தலைப்பு, இந்தியச் சமவெளியின் கோயில்களுக்கும் மக்களுக்கும் இடையே 14,000 மைல் ஓட்டியதாகச் சொல்லுகிறது. கோயில் முதலில், மக்கள் பிறகு. வரிசையைக் கவனிக்க வேண்டும். சைக்கிளில் போகிறவன் பார்க்கிறான், சாலையோரம் நிற்கிறவன் பார்க்கப்படுகிறான். பயண எழுத்து என்கிற கதையாடலின் இலக்கணமே இதுதான். அதே தம்பதி பிற்பாடு இமயமலைப் பக்கம் ஏறியபோது சுமைகூலிகளோடு ஓயாத தகராறு. சமவெளியில் காட்சியாக இருந்தவன் மலையில் சுமை தூக்க வேண்டியவனாக மாறினான். காட்சி வாய் திறந்து கூலி கேட்டால் தகராறுதானே.

3

பார்க்கப்பட்டவன் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் நடந்தது. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயில் எடைதூக்கும் சங்கம் ஒன்றைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூன்று பேர் பாரசீகம், மெசபடோமியா, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா என்று சுற்றி, 71,000 கிலோமீட்டர் கடந்து, 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பினார்கள். 1931இல் வந்த அவர்களது புத்தகத்துக்கு முன்னுரை ஜவாஹர்லால் நேரு. அடுத்து ஃப்ராம்ரோஸ் தாவர், வங்காளத்திலிருந்து பிமல் முகர்ஜி. 1931இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ராம்நாத் பிஸ்வாஸ் வங்காள மொழியில் பயண நூல்களை எழுதிக் குவித்தார்.

இவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. 'இந்திய ஆண் வலுவற்றவன்' என்கிற வெள்ளைக்காரனின் சொல்லாடலுக்குக் காலால் எழுதிய மறுப்பு அது. எடைதூக்கும் சங்கத்திலிருந்து கிளம்பியதும் நேரு முன்னுரை எழுதியதும் தற்செயல் அல்ல. ஓர் உடல் தேசத்தின் உடலாக அரங்கேறுகிறது. ஆனால் எல்லா உடலும் அப்படி அரங்கேற முடியாது. சில உடல்கள் உடல்களாகவே நின்றுவிடும்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 1894இல் அங்குள்ள சைக்கிள்காரர்களின் பெரும் சங்கம் கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. 1896 டிசம்பரில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மேஜர் டெய்லர் என்ற கறுப்பு இளைஞர் ஆறு நாள் பந்தயத்தில் ஓட்டினார். கூரைக்கு அடியில், மர ஓடுதளத்தில், சுற்றிச் சுற்றி 1,732 மைல். நம்ம திடல்காரரின் கதைதான், ட்யூப்லைட் மட்டும் இல்லை. தூக்கமில்லாமல் மயங்கி விழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. நியூயார்க் மாகாணம் 1898இல் சட்டம் போட்டு ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றது. முதலாளிகள் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். டெய்லர் 1899இல் உலகச் சாம்பியன் ஆனார். 1897இல் இருபது கறுப்புச் சிப்பாய்களை ஒரு வெள்ளை அதிகாரி மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயி வரை 1,900 மைல் சைக்கிளில் கூட்டிப் போனார்; ராணுவத்துக்குச் சைக்கிள் உதவுமா என்று பார்க்க. பயணம் அல்ல, பரிசோதனை.

மக்மல்பஃபின் 'சைக்கிளோட்டி' படத்தை (1987) இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. ஈரானில் அகதியாக இருக்கும் ஆப்கானியன், மனைவியின் வைத்தியச் செலவுக்காக ஏழு நாள் ராப்பகல் ஒரு திடலில் சைக்கிள் சுற்றுகிறான். சுற்றிலும் சூதாட்டம், வியாபாரம், அரசியல். பிலிம் சொஸைட்டித் திரையிடலில் இதைப் பார்த்த நண்பர்கள் 'உருவகம்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது உருவகமாகத் தெரியவில்லை, சந்தவாசலாகத் தெரிந்தது. ஸ்டீவன்ஸை மறித்த நாட்டிலிருந்து வந்தவனுக்கு இப்போது நேராகப் போக வழியே இல்லை. ஆகவே வட்டம். 2021இல் தாலிபான் திரும்பியபோது அந்நாட்டின் பெண் சைக்கிள் வீராங்கனைகள் சைக்கிளை விட்டுவிட்டு நாட்டை விட்டே தப்ப வேண்டியிருந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

4

சக்கரத்தின் மேல் யார் இருந்தார் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். சக்கரத்துக்குள் யார் இருந்தார்?

1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். நெடும்பயணம் சாத்தியமானது அதனால்தான். கட்டி ரப்பரில் எலும்பு நொறுங்க ஓட்டிய ஸ்டீவன்ஸ் போன்றவர்கள் விதிவிலக்கு. சைக்கிள் மோகம் ஏறியது, ரப்பர் தேவையும் கூடவே ஏறியது. பெல்ஜிய அரசர் லியோபோல்டின் காங்கோவில் ரப்பர் போதவில்லை என்று கைகளை வெட்டினார்கள். பிறகு தோட்ட ரப்பர். 1876இல் பிரேஸிலிலிருந்து எடுத்துப்போன விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தது. பால்மரம் வெட்ட ஆள்? நம்ம ஆள். கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூர், சேலத்தோடு வடாற்காடும் ஒன்று. சந்தவாசல் அன்று வடாற்காடு. ஆவடி முகாமில் அடைத்து வைத்துக் கப்பலேற்றினார்கள். கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல்தான் நிறுத்தியது.

ஆக, பார்சி இளைஞர்கள் பாலைவனம் கடந்தபோதும் பிஸ்வாஸ் சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பியபோதும் உருண்டது ரப்பர். அதில் எத்தனை பங்கு தமிழ்க் கூலியின் விடியற்காலை என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. கடல் கடந்து போனவன் ஆயுள் முழுக்க நடந்தது மரத்துக்கு மரம், அதே தோட்டத்துக்குள். அவனுடையதும் வட்டம்தான்.

அந்த வட்டத்தைத் தேடியே சைக்கிள் வந்தது இன்னொரு கொடுமை. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியச் சிப்பாய்கள் பெரும்பகுதி சைக்கிளில்தான் தெற்கே விரைந்தார்கள். உள்ளூர்ச் சனங்களிடமிருந்து பிடுங்கிய சைக்கிளும் அதில் சேர்த்தி. டயர் போனபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அப்புறம் தோட்டத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போய் சயாம்-பர்மா ரயில்பாதையில் போட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ராணுவ வரலாற்றில் இது 'சைக்கிள் காலாட்படையின் வெற்றி'. தமிழர் வரலாற்றில் மரண ரயில். ஒரே சாலையின் இரண்டு முனைகள்.

5

என் தாத்தா சைக்கிளில் உப்பும் கருவாடும் விற்றவர். போளூர்ப் பக்கம் சரக்கு எடுத்து மலையடிவார ஊர்களில் விற்று, மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்குகிற புளியையும் சீத்தாப்பழத்தையும் வாங்கிக்கொண்டு வருவார். பழைய ராலி. ஒரு நாளைக்குக் குறைந்தது 30 கிலோமீட்டர், வருடத்தில் 250 நாள், 28 வருடம். 2,10,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவைப் போல ஐந்து மடங்கு, அந்த மூன்று பார்சிகளின் பயணத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஜவ்வாது மலையைத் தாண்டி அவர் எங்கேயும் போனதில்லை. 'ஆரணிக்கு அந்தாண்ட எனக்கென்ன வேலை' என்பார்.

தலையணை மாதிரி இரண்டு மூட்டையைக் கேரியரில் கட்டிவிட்டால் முன்சக்கரம் தரையில் பாவாது. ஏற வேண்டுமானால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காலை ஊன்ற உயரமான கல் வேண்டும். தாத்தா மைல்கல்லைப் பயன்படுத்துவார். ஸ்டீவன்ஸுக்கு மைல்கல் என்றால் கடந்த தூரம். தாத்தாவுக்கு மைல்கல் என்றால் ஏறுகிற படி. அடுத்த கல் வருகிற வரைக்கும் இறங்கக் கூடாது என்பதுதான் அவருடைய தொழில் நுணுக்கம். 1954இல் தியன் பியன் ஃபூ போரில் வியட்நாமியர் 200 கிலோவுக்கு மேல் மூட்டை கட்டிச் சைக்கிள்களைக் காட்டு வழியில் தள்ளிக்கொண்டே போய் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்ததைப் படித்தபோது, தாத்தாவுக்கு இதைச் சொல்லாமல் போனோமே என்று இருந்தது. அவருக்கு அந்தப் பாரம் புரிந்திருக்கும்.

ஆனால் வழியில் ஓர் ஊரில் மட்டும் அவர் இறங்கியாக வேண்டும். பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு ஊரின் குற்றமாகிவிடும். அது அப்படியில்லை என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஊர்த்தெரு ஒரு 200 கஜம். எங்கள் ஆட்கள் அதில் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. முனையில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, மூட்டையோடு தள்ளிக்கொண்டு போய், அந்த முனையில் மறுபடி ஏற வேண்டும். அந்த முனையில் மைல்கல் கிடையாது. 'மிதிக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்லடா. தள்றதுதான் கஷ்டம்' என்று தாத்தா சொன்னதை நான் வெகுகாலம் பாரத்தைப் பற்றியது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொதுவழியைத் தடுப்பது 1955இன் தீண்டாமை (குற்றங்கள்) சட்டப்படி குற்றம், 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். சட்டம் தெருமுனை வரைக்கும் வந்தது. அதுவும் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போயிற்று.

வரலாற்றாய்வாளர் டேவிட் ஆர்னால்ட் 2013இல் எழுதிய நூலில், இந்திய நவீனத்துவத்தை அணைக்கட்டிலும் ரயிலிலும் மட்டும் தேடக் கூடாது. சைக்கிள், தையல் மெஷின், டைப்ரைட்டர், அரிசி மில் போன்ற சின்ன எந்திரங்களில் தேட வேண்டும் என்கிறார். நல்ல வாதம். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சின்ன எந்திரம் எல்லோர் கைக்கும் வருகிறது என்பதாலேயே, யாரிடம் வரக் கூடாது என்ற பதற்றமும் அதன் கூடவே வருகிறது. 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றபோது எழுந்த கேலிக்கும் அவதூறுக்கும் காரணம் அதுதான். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஆதரவு இருந்தது, பாட்டு இருந்தது. என்றாலும் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளின் பாரைத் தாண்டிக் காலைப் போட்டது அந்தப் பெண்கள். குவாரிக் கூலிகளும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் ஊர்வலமாகப் போனதைப் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் கண்டம் எதையும் கடக்கவில்லை. தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் புருஷனையோ அண்ணன் தம்பியையோ பஸ்ஸையோ எதிர்பார்க்கத் தேவையில்லாத தூரத்தைக் கடந்தார்கள். கண்டம் என்றால் வேறென்ன?

6

2001-02இல் தமிழக அரசு மேல்நிலை வகுப்பில் படிக்கும் தலித், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2005-06இல் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. ஓட்டு அரசியல் என்று நம் அறிவுஜீவிகள் முகம் சுளித்ததுண்டு. இருக்கட்டும். 2002இல் என் அக்காவுக்கு ஒரு சைக்கிள் வந்தது. பள்ளிக்குப் போகிற வழி அந்த 200 கஜத்தின் வழியாகத்தான். நாலைந்து பெண்கள் யூனிஃபார்மில், இரட்டைச் சடையோடு, பெல் அடித்துக்கொண்டே, இறங்காமல் போனார்கள். திண்ணையிலிருந்து யாரோ என்னவோ கத்தினார்களாம். 'காதுல விழல' என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் தாத்தா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

'இறங்கலையா?'

'இல்ல தாத்தா.'

'அந்தக் கோடி வரைக்குமா?'

'கோடி வரைக்கும்.'

அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. ஆயாதான், 'நாளைக்கும் அப்படியே போ' என்றாள்.

இன்றைக்கு உலகைச் சுற்றுவதற்கு விதி உண்டு. கின்னஸ் கணக்கில் குறைந்தது 29,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். 2017இல் மார்க் போமான்ட் 79 நாளுக்குள் முடித்தார். 2018இல் புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி, இருபது வயதுப் பெண், 159 நாளில் முடித்தார். கத்திமுனையில் வழிப்பறிக்கு ஆளானார், விசாவுக்கும் மல்லுக்கட்டினார். ஒரே தூரம், ஆனால் எல்லாப் பாஸ்போர்ட்டுக்கும் ஒரே சாலை அல்ல.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. சென்னையிலிருந்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் தொழிலாளிகள் சைக்கிள் வாங்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். நவீன இந்தியாவின் மிகப் பெரிய நெடுந்தூர சைக்கிள் பயணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் புத்தகமும் இல்லை, முன்னுரையும் இல்லை. அந்த மே மாதம் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி காயம்பட்ட தகப்பனைப் பின்னால் உட்கார வைத்து குருகிராமிலிருந்து பீகாரில் தர்பங்கா பக்கம் வரை 1,200 கிலோமீட்டர் ஓட்டிப் போனாள். அமெரிக்க அதிபரின் மகள் அதை அழகான சாதனை என்று பாராட்டினார். சைக்கிள் சம்மேளனம் தகுதித் தேர்வுக்குக் கூப்பிட்டது. பசி எப்படிப் 'பயணம்' ஆகிறது, பயணம் எப்படி 'விளையாட்டு' ஆகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் காட்ட முடியாது. அவளைச் சைக்கிளில் ஏற்றியவர்கள் யார் என்ற கேள்வி அந்தக் கைத்தட்டலில் காணாமல் போயிற்று.

நெடும்பயண வரலாற்றை நிராகரிக்க இதையெல்லாம் சொல்லவில்லை. எனக்கும் சைக்கிளில் கண்டம் கடக்க ஆசை உண்டு. அளவுகோலை மாற்றலாம் என்கிறேன். எவ்வளவு தூரம் போனார் என்று கேட்பதோடு, எங்கே இறங்க வேண்டியிருந்தது, இறங்கச் சொன்னது யார், மறுபடி ஏறக் கல் இருந்ததா என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் காபூல் சாலையும் மாடிசன் ஸ்கொயரும் மலாயாத் தோட்டமும் எங்கள் பக்கத்து ஊர்த்தெருவும் ஒரே வரைபடத்தில் வந்துவிடும்.

ஏழாம் நாள் சாயங்காலம் திடலில் நல்ல கூட்டம். ஊர்ப் பெரியவர்கள் அவருக்கு மாலை போட்டார்கள். சட்டையில் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நோட்டுகளை ஊசியால் குத்தினார்கள். அப்புறம் இறங்கச் சொன்னார்கள். இறங்கியவரால் நிற்க முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, நடக்கத் தெரியாத குழந்தை மாதிரி எட்டு வைத்தார். நாங்கள் சிரித்தோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது திடலில் அவர் இல்லை. மண்ணில் ஆழமாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. மழை வருகிறவரை நாங்கள் அதிலேயே வாடகை சைக்கிள் ஓட்டிப் பழகினோம்.